ஐஸ் இளகும்போது ஏறுவது ஈஸி... அதுதான் ஆபத்து!

உறைந்துபோன அருவியில் ஏற முடியுமா? முடியும். 2015 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த வில் காட், நயாகரா அருவியின் உறைந்த ஓரத்தில் ஏறிக் காட்டினார். இரண்டு கைகளிலும் பனிக்கோடரி, ஷூவுக்கு அடியில் கூரான முட்கள், இடுப்பில் கயிறு. இதுதான் ஐஸ் க்ளைம்பிங்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யூரே என்ற சிற்றூரில் இதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில் குழாய் பதித்து, குளிர்கால இரவுகளில் பாறைமேல் தண்ணீர் விடுகிறார்கள். அது உறைந்து ஐஸ் சுவராகிறது. வழக்கமாக டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன். ஆனால் அதை முடித்துவைப்பது காலண்டர் இல்லை, வெயில்.

சிக்கலே சீசன் முடிவில்தான். கடுங்குளிரில் ஐஸ் கண்ணாடி மாதிரி. கோடரியால் அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும், கை ஓய்ந்துவிடும். கொஞ்சம் இளகினால் ஒரே அடியில் கோடரி இறங்கும். 'அட, நல்லா ஏறுறோமே' என்று தோன்றும்.

அதே நேரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஐஸுக்குப் பின்னால், பாறையை ஒட்டித் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். பாறையோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகும். கயிற்றை மாட்டத் திருகிவைத்த ஐஸ் ஸ்க்ரூ உலோகம் என்பதால் வெயிலில் சூடாகி, சுற்றியுள்ள ஐஸை உருக்கித் தளர்ந்துவிடும். தட்டினால் 'டொம்' என்று வெற்றுச் சத்தம், உள்ளே நீரோடும் ஒலி, மேலிருந்து விழும் துண்டுகள்... இதில் எது தெரிந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

'எனக்கு அனுபவம் இருக்கு' என்ற வாதம் இங்கே செல்லாது. அனுபவம் நம் கால் வழுக்காமல் காக்கும். சுவரே பெயர்ந்து விழுந்தால் என்ன செய்யும்?

உண்மையில் நம்மை மேலே தள்ளுவது வேறு. லீவு போட்டாச்சு, டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாச்சு, நேற்று ஒருத்தர் அதே இடத்தில் ஏறி போட்டோ போட்டிருக்கிறார். அந்த போட்டோ நேற்றைய ஐஸுக்குத்தான் சாட்சி.

எனவே முடிவை அடிவாரத்தில் நின்று எடுக்காதீர்கள். முந்தைய நாளே எடுத்துவிடுங்கள்: இரவில் உறையவில்லை என்றால் ஏறுவதில்லை, உறைந்தால் விடியலில் தொடங்கி, சுவரில் வெயில் படுமுன் இறங்கிவிடுவது. டிக்கெட் காசு போனால் போகட்டும்.