வயிறு சரியில்லை

போன மாதம் என் பேரன் பாங்காக் போய்விட்டு வந்தான். வறுத்த வெட்டுக்கிளி சாப்பிடுவதைப் படம் எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். "எதையும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துடணும் தாத்தா" என்றான். ரொம்பச் சரி. கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தவனாயிற்றே, பக்கத்து ஹட்டியில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. நாம் இன்று டான்டீ என்று சொல்வது அதைத்தான். தனியார் தோட்டங்களுக்கும் பலர் வந்தார்கள். நாம் அவர்களுக்கு வைத்த பெயர் 'சிலோன்காரங்க'. நம் பாட்டன் பூட்டன் ஊரிலிருந்து போனவர்கள்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

1978-ல் நான் ஒரு தோட்ட ஆபீசில் கிளார்க். ஒரு நாள் பேர்ப்பட்டியல் சரிபார்க்க லைன் வீடுகளுக்குப் போனேன். நல்ல மழை. ஒரு அம்மா உள்ளே கூப்பிட்டு மணை போட்டார். கோதுமை மாவு ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பால் இல்லாத சாயத் தண்ணீர். சம்பலில் மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்துப் போட்டிருந்தது. "ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா" என்றார்.

"வயிறு சரியில்லைம்மா" என்றேன்.

பொய். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நான் தூத்துக்குடிக்காரன். மாசிக் கருவாடு எங்கள் வீட்டு அடுக்களையில் கிடந்த சாமான். எனக்கு ஒத்துக்கொள்ளாதது சம்பல் இல்லை, அந்த லைன் வீடு. என்ன ஆட்களோ, என்ன சாதியோ என்ற எண்ணம். இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது.

அந்தத் தேங்காயை நினைத்தால் இன்னும் சங்கடம். நம் குளிரில் தென்னை ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டும். அந்தக் கூலியில் ஒரு மூடித் தேங்காய் என்பது சும்மா இல்லை.

'பழக்கமில்லாத சாப்பாடு' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் நாக்கு சம்பந்தப்பட்டதே இல்லை என்பது என் கட்சி. பழக்கம் என்று பார்த்தால் இந்த மலையில் எது நம்முடையது? உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. தேயிலை சீனாவிலிருந்து வந்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியே வெள்ளைக்காரன் பேக்கரி வழி வந்ததுதான். எல்லாவற்றையும் சப்புக்கொட்டித் தின்றோம். உயர்ந்த இடத்திலிருந்து வந்தால் இரண்டு நாளில் பழகிவிடுகிறது. லைன் வீட்டிலிருந்து வந்தால் ஐம்பது வருஷமானாலும் பழகுவதில்லை. ஊட்டி சேரிங்கிராஸில் பஞ்சாபிச் சாப்பாடு கிடைக்கிறது, சைனீஸ் கிடைக்கிறது. ரொட்டி சம்பல் என்று போர்டு வைத்த கடை ஒன்று என் கண்ணில் பட்டதில்லை.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு இலங்கை போனேன். ஹட்டனில் பஸ் நின்றது. சின்னக் கடை, அதே ரொட்டி, அதே சம்பல். இரண்டு ரொட்டி சாப்பிட்டேன், மூன்றாவதும் கேட்டு வாங்கினேன். காரத்தில் கண்ணில் தண்ணீர். காரம் மட்டும்தானா என்று மனைவி கேட்டாள்.

ஊர் திரும்பி அந்த லைனைத் தேடிப் போனேன். அந்த அம்மா காலமாகி விட்டார். மகள் இருந்தார், அன்று ஏழெட்டு வயதுப் பிள்ளை. பெயரைச் சொன்னதும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, அடுப்பில் கல்லைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"வயிறு இப்ப தேவலையா ஐயா?"