ஓடு மாதிரி ஷீட்டா, ஓடா? டீச்சர் தன் பதிலைத் திருத்துகிறாள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அவன்தான். கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையில் வரிசையாக எட்டு ரூம் கட்டுகிறான். கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடத்தான். சுவர் எழும்பிவிட்டது, கூரைக்குத்தான் யோசனை.

பையிலிருந்து ஒரு சாம்பிள் துண்டை எடுத்துக் கொடுத்தான். பார்த்தால் மங்களூர் ஓடு, தொட்டால் பிளாஸ்டிக். "டீச்சர், பார்க்க ஓட்டு வீடு மாதிரியே இருக்கும். குரங்கு குதிச்சாலும் உடையாது. ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சிடும். போடலாமா?" என்றான். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, போடுப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

இந்த மாதிரிப் பொருள் புதிதல்ல. வெளிநாடுகளில் சிலேட்டுக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து கூரை போடுவார்கள். தேவதாரு மாதிரியான மரத்தைப் பிளந்த சில்லுகளையும் வேய்வார்கள். இரண்டும் விலை அதிகம், கல் கனமும் அதிகம். அதனால் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அச்சில் வார்த்து, கல் மாதிரியும் மரம் மாதிரியும் செய்து விற்கிறார்கள். நம் ஊருக்கு வரும்போது அது ஓடு மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எழுதும் சிலேட்டுதான். நான் படித்த காலத்தில் ஆந்திராவின் மார்க்காபூர்ப் பக்கத்திலிருந்து வந்த கல் சிலேட்டு. கீழே போட்டால் இரண்டு துண்டு, வீட்டில் அடி. நான் வேலைக்கு வந்தபோது தகரச் சிலேட்டு, பிறகு பிளாஸ்டிக். அது உடையவில்லை என்று நானே சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு வருஷம் போனால் அதில் எழுத்து விழாது. பிள்ளை பல்பத்தை அழுத்தி அழுத்திக் கை வலிக்க எழுதும்.

பழசெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. மங்களூர் ஓடே ஒரு காலத்தில் புதுசுதான். 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அச்சு ஓடு செய்யத் தொடங்கிய பிறகுதான் அது ஊர் ஊராகப் பரவியது. அதற்கு முன் நம் பக்கம் நாட்டு ஓடும் கீற்றும்தான். மங்களூர் ஓட்டைப் பார்த்து என் கொள்ளுத்தாத்தா எப்படி முணுமுணுத்தாரோ!

கீற்றுக் கொட்டகையின் குளிர்ச்சிக்கு ஈடே கிடையாது. எங்கள் பள்ளியிலும் ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நானே அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பேன். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். அன்று சாயந்திரம் செய்தி கேட்டு, எங்கள் கொட்டகை எந்தப் பக்கம் திறக்கும், எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே வழி. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதன்பின் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கீற்றுகளை இறக்கினார்கள். சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் எங்கள் பள்ளியில் அந்த இடத்துக்கு வந்தது சிமெண்ட் ஷீட். மார்ச் மாதம் பதினோரு மணிக்கே பிள்ளைகள் மயங்கி மயங்கி விழித்தார்கள். அந்த ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றோ, அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றோ எனக்கு அப்போது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து அதற்குத் தடை. நம் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கிறது. பழைய ஷீட் வீட்டில் இருப்பவர்கள் பதற வேண்டாம். அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசிதான் எமன். நோய் வர இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை.

இனி நான் ஏன் மனசு மாறினேன் என்று சொல்கிறேன். அவன் வந்து போன மூன்றாம் நாள், வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மனையைப் பார்க்கலாமே என்று இறங்கினேன். மத்தியானம் இரண்டு மணி. பக்கத்து மனையில் இதே மாதிரி வரிசை ரூம், மேலே கலர் தகர ஷீட். வாசல் வேப்பமரத்தடியில் நாலு பையன்கள் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சிமெண்ட் சாக்கின் மேல் படுத்திருந்தார்கள். வேலை இல்லையா என்று கேட்டேன். ஒருவன் தட்டுத்தடுமாறித் தமிழில், "நைட் ஷிப்ட் அம்மா, உள்ளே தூக்கம் வராது" என்றான். உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன், அடுப்புப் பக்கம் போனது போல முகத்தில் அடித்தது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். அதிலிருந்து நம் பக்கத்தில் பாதிப் பேர் பகலில் தூங்குகிறவர்கள். வீடு கட்டுகிற நாமோ, பகலில் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள் என்ற கணக்கிலேயே இன்னும் கூரை போடுகிறோம். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றவன் பகலில் தூங்காவிட்டால் அடுத்த ராத்திரி கை எங்கே போகும்?

தம்பி, இது உனக்கு. ஓடு குளிர்ச்சியாக இருப்பது அதன் உருவத்தால் இல்லை. அது சுட்ட மண், தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி மெல்ல விடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாகச் சூட்டுக் காற்று மேலே போய்விடும். உன் ஷீட் அந்த உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தகரத்தைவிடச் சூடும் மழைச் சத்தமும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இடுக்கு இல்லாத மெல்லிய ஒற்றைத் தகடு அது. நல்ல சரக்கென்றால் வெயில் தாங்கும் மேல்பூச்சு இருக்கும். மட்டச் சரக்கு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய வாளி மாதிரி சில வருஷத்தில் நொறுங்கும்.

ஓட்டிலும் தொல்லை உண்டு, மறைக்க மாட்டேன். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ அளவு. கைமரமும் ரீப்பரும் அதைத் தாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது எங்கள் வீட்டில் முகட்டு ஓடுகள் போய் நடுக்கூடத்தில் மழை. ஆனால் போனது நாற்பது ஓடு, நாற்பதையும் மாற்றினோம். எதிர் வீட்டுச் சார்ப்பு ஷீட் மொத்தமாகப் பறந்து ரோட்டைத் தாண்டி விழுந்தது. அன்று அந்த வழியே யாராவது வந்திருந்தால்?

ஆகவே என் திருத்திய பதில். எட்டு ரூமுக்கும் கான்கிரீட் போடு. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி தட்டோடு பதித்து, வருஷா வருஷம் வெள்ளை அடி. வெறும் தளம் மட்டும் போட்டால் பகல் சூட்டை ராத்திரி இறக்கும், அப்போது பகல் ஷிப்டுக்காரன் தவிப்பான். கான்கிரீட்டுக்குக் கை எட்டாவிட்டால் மேலே மங்களூர் ஓடு, அடியில் சீலிங் ஓடு, நடுவில் காற்று. அரசாங்கமே கலைஞர் கனவு இல்லம் என்று வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுத்து குடிசைகளைக் கான்கிரீட் ஆக்குகிறது. வாடகை வாங்கப்போகிற நீ அதற்குக் குறைவாகப் போடலாமா? உன் சாம்பிளை வண்டி நிறுத்தும் சார்ப்புக்குப் போட்டுக்கொள், அழகாகவே இருக்கும்.

செலவு கூடும், வாடகையில் தேற மாதங்கள் ஆகும் என்று நீ சொல்வாய். சரி. நாளை மத்தியானம் இரண்டு மணிக்குப் பக்கத்து மனை ரூமில் பாய் விரித்துப் படுத்துப் பார். அரை மணி நேரம் போதும். பிறகு எனக்கு போன் பண்ணு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டில் இந்த மாதம் ஓடு பிரித்து மாற்றுகிறோம். உங்கள் பழைய வீடுகளில் நாட்டு ஓடு சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்