தராசு காட்டும் அறம்

அறம் என்றால் தானதருமம் மட்டும் அல்ல. யாரும் பார்க்காதபோதும் நேர்மையாக நடப்பதே அறம். ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தாலே அதற்கு அடையாளம் தெரியும். அதுதான் தராசு!

1,330 குறள்கள் தந்த திருவள்ளுவர், நடுவுநிலைமைக்குத் தராசையே உவமை சொன்னார். ஏழை, பணக்காரர் என்று தராசு முகம் பார்ப்பதில்லை.

கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று வியாபாரி நினைக்கலாம். 100 பேருக்குக் குறைத்தால் 5 கிலோ ஆகிவிடும். அது ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டு உலையில் வேக வேண்டிய அரிசி.

இந்த மோசடியைத் தடுக்க, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. கடைத் தராசைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அதிகாரிகள் சோதித்து முத்திரையிட வேண்டும். மற்ற நாட்களில் காவல் யார்? கடைக்காரரின் மனச்சாட்சிதான்.

வாங்குகிறவருக்கும் நீதி இதுவே. கடைக்காரர் தவறுதலாக மீதிச் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டால், எண்ணிப் பார்த்துத் திருப்பித் தருவதே முறை. பெற்றோர் அப்படிச் செய்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டுமா?