வாசலில் வெளிறிய பதாகை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் நல்ல பாடசாலைகளுக்குப் பக்கத்தில் வீடு தேடுவோருக்கென்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஹரோவிலும் இல்ஃபோர்டிலும் எந்தத் தெருவில் வீடு வாங்கினால் எந்த ‘அவுட்ஸ்டாண்டிங்’ பாடசாலை கிடைக்கும் என்ற அந்தப் பக்கத்தை என் மகள் வெட்டியெடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளோடு சண்டை பிடிப்பதைவிட உங்களோடு பிடிப்பது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் 18 வருடம் வகுப்பறை உதவியாளராக வேலை செய்தவள் நான். ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற உச்சத் தரம் இன்று செல்லாக்காசு. அரச பாடசாலைகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லில் தரம் போடுவதை, இங்கிலாந்தின் பரிசோதனை அமைப்பான ஒஃப்ஸ்டெட் 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. உங்கள் பட்டியலில் இருப்பவை அதற்கு முந்திய தீர்ப்புகள். எவ்வளவு முந்தியவை என்பதுதான் கேள்வி. அந்தச் சொல்லை ஒருதரம் வாங்கிவிட்ட பாடசாலைக்கு 2012 முதல் 2020 வரை வழமையான பரிசோதனையிலிருந்து விலக்கு இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் பரிசோதகர் எவரும் எட்டிப் பார்க்காத பாடசாலைகளும் இருந்தன. அதிபர் மாறினார், ஆசிரியர்கள் மாறினார்கள், வாசலில் கட்டிய பதாகை மட்டும் வெயிலில் வெளிறிக்கொண்டு தொங்கியது. அதைப் பார்த்துத்தான் எங்கள் சனம் கழுத்துவரை கடன்பட்டு வீடு வாங்கியது. விலக்கு நீங்கியபின், 2021-22 கல்வியாண்டில் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்ட அப்படியான பாடசாலைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அந்தப் பட்டத்தை இழந்தன. வீட்டுக் கடன் மட்டும் யாருக்கும் குறையவில்லை.

அந்த ஒற்றைச் சொல் ஏன் போனது என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரெடிங் நகரில் கவர்ஷம் ஆரம்பப் பாடசாலையின் அதிபராக இருந்தவர் ரூத் பெரி. 2022 நவம்பரில் நடந்த பரிசோதனையில், பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை கண்டு, அந்தப் பாடசாலையை உச்சத் தரத்திலிருந்து அடித்தரத்துக்கு இறக்கினார்கள். 2023 ஜனவரியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவுக்குப் பரிசோதனையும் ஒரு காரணம் என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். இடையில், ஜூன் மாதம் மீண்டும் பார்த்தபோது அதே பாடசாலைக்கு ‘நன்று’ கிடைத்திருந்தது. ஏழு மாத இடைவெளி.

இப்போது 2025 நவம்பரிலிருந்து ‘அறிக்கை அட்டை’ வந்திருக்கிறது. கற்பித்தல், வரவும் நடத்தையும், தலைமைத்துவம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்று. நிறம் வேறு. பாதுகாப்பைத் தனியே எடுத்து, போதும் அல்லது போதாது என்று மட்டும் சொல்வது நல்ல மாற்றம், அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றப்படி, ஒரு தடியைப் பல துண்டாக முறித்து அடித்தால் நோகாதா? திங்கட்கிழமை தொலைபேசி அழைப்பு, செவ்வாய் காலை பரிசோதகர் வாசலில் என்ற நடைமுறையும் அப்படியே இருக்கிறது. திங்கள் மத்தியானம்வரை அதிபரின் அறைப்பக்கம் போகவே எங்களுக்குப் பயம். மணி அடித்து, அது யாரோ கடதாசி விற்கிறவர் என்று தெரிந்தால் ஒபிஸ் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஐயா வடமராட்சியில் வாத்தியார். பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்றால் அங்கேயும் கொப்பிக்கு உறை போட்டு, முற்றம் கூட்டி, ஒரே அமளிதான். ஆனால் அவர் போகும்போது சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்: நாலாம் வகுப்புக்குக் கரும்பலகை சரியில்லை, பலருக்கு ஏழாம் வாய்பாடு தளம்புகிறது என்று. ஐயா அடுத்த நாளே ஏழாம் வாய்பாட்டைத் தொடங்கிவிடுவார். அறிக்கை அட்டையில் ‘கவனம் தேவை’ என்ற படியின் நிறத்தைப் பார்த்து எதைத் தொடங்குவது? ஒஃப்ஸ்டெட் அறிக்கையிலும் எழுத்து இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. பட்டியல் தயாரித்தவர் அதில் ஒன்றையாவது வாசித்தாரா?

நான் வேலை செய்த பாடசாலையில், ஒரு ஐப்பசியில், முல்லைத்தீவிலிருந்து தாயோடு வந்த ஆறு வயதுப் பையன் ஒருவனை என் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தினார்கள். மாதக்கணக்காக வாயே திறக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவனின் கையைப் பிடித்து இழுத்து, ‘அது என்ர தட்டு’ என்று ஆங்கிலத்தில் சண்டைக்குப் போனான். அவனைக் கண்டிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் வகுப்பு ஆசிரியை நின்றார். சாப்பாடு போடுகிற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாடசாலையின் அப்போதைய தரம் ‘முன்னேற்றம் தேவை’. உங்கள் பட்டியலில் அது வராது.

பக்கத்து வேல்ஸில் எஸ்டின் என்ற பரிசோதனை அமைப்பு 2022 இல் தரம் போடுவதையே விட்டுவிட்டது. எழுத்தில் மட்டும் சொல்கிறது. பாடசாலை எப்படி என்று அறிய விரும்புகிற பெற்றோர் அதை வாசித்துத்தான் ஆகவேண்டும். இங்கிலாந்திலும் அந்த மாற்றத்தைக் கேட்க வேண்டிய எங்கள் பத்திரிகைகளே, வீட்டு முகவர்களுக்குச் சமமாகப் பட்டியல் போடலாமா?

அந்தப் பட்டியலைத் திரும்பவும் வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொரு பாடசாலையின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் பரிசோதனை நடந்த திகதியையாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வகுப்பறை உதவியாளர் ஒருவர்,
ஹரோ.