நல்ல மெசேஜாம், மெசேஜ்!

2.0 படத்தைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து என்னய்யா பதிவு என்று கேட்பவர்களுக்கு: இது படத்தைப் பற்றிய பதிவு இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு நம்ம மக்கள் சொன்னதைப் பற்றியது. படம் 2018 நவம்பர் 29-ல் வந்தது. அன்றிலிருந்து, டிவியில் ஒவ்வொரு தடவை போடும்போதும், தாராவி டீக்கடையில் ஆரம்பித்து செம்பூர் சொசைட்டி லிஃப்ட் வரைக்கும் நான் கேட்டு வருகிற கருத்துகளை மூன்றே மூன்று டப்பாவில் அடைத்துவிடலாம்.

டப்பா 1: "தலைவர் மாஸ்."

டப்பா 2: "கிராபிக்ஸ் சூப்பர், கதைதான் இல்லை."

டப்பா 3: "என்ன இருந்தாலும் நல்ல மெசேஜ் சார்."

முதல் டப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் வாசலில் விடிவதற்கு முன்னால் மேளம் அடித்து ஆடியவர்களிடம் போய் லாஜிக் பேசுகிறவன் மனுஷனே இல்லை. அவர்கள் ரஜினியைப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கணக்கு நேர்.

இரண்டாவது டப்பா பாதி சரி. கிராபிக்ஸ் நிஜமாகவே சூப்பர். எந்திரனுக்கே தேசிய விருது வாங்கிய ஸ்ரீனிவாஸ் மோகன் இதில் இன்னும் எங்கேயோ போயிருந்தார். சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு 3டி ஆக்காமல், நீரவ் ஷா கேமராவில் 3டியிலேயே எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான செல்போன்கள் ஆறு மாதிரி ரோட்டில் ஊர்ந்து வருகிற காட்சியை ஹாலிவுட்காரன் எடுத்திருந்தால் நாம் இன்னும் பத்து வருஷம் அதையே சொல்லிக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் "கதை இல்லை" என்பது தப்பு. கதை இருந்தது. எல்லாரும் இல்லை இல்லை என்று சொன்னதால்தான் அந்தக் கதை என்ன சொன்னது என்று ஒருத்தரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கதை இதுதான். பட்சிராஜன் என்று ஒரு பறவை ஆராய்ச்சியாளர். செல்போன் டவர் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று கத்துகிறார். கோர்ட், மந்திரி, கம்பெனி, பொதுஜனம், ஒருத்தரும் கேட்கவில்லை. டவரிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறார். செத்த பறவைகளின் ஆராவோடு சேர்ந்து ராட்சசப் பறவையாக வந்து பழி வாங்குகிறார். கடைசியில் வசீகரனே, அவர் சொன்னது நியாயம்தான் என்கிற மாதிரி முடித்து வைக்கிறார். அதாவது டவர் பறவையைக் கொல்கிறது என்பது வில்லனின் கிறுக்குத்தனமாக இல்லாமல், படத்தின் தீர்ப்பாகவே வருகிறது.

இதைத்தான் மூன்றாவது டப்பா "நல்ல மெசேஜ்" என்கிறது. என் சண்டை முழுக்க இந்த டப்பாவோடுதான்.

ஏங்க, அந்த மெசேஜ் உண்மையா பொய்யா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? பம்பாயில் இருக்கிறவன் யோசிக்க பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மாட்டுங்காவில் இருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி தாதர். அங்கே கபூதர்கானா. புறாக்களின் எச்சத்தால் நுரையீரல் நோய் வருகிறது என்று வழக்கு ஹைகோர்ட் வரை போய், 2025-ல் தார்பாய் போட்டு மூடி, அதற்கு ஒரு ரகளையே நடந்தது. ஊர் முழுக்க டவர். ஊர் முழுக்க புறா. காக்கா டவர் மேலேயே கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகிறது. கதிர்வீச்சு ரேஷன் கார்டு பார்த்தா கொல்லும்? சிட்டுக்குருவி என்றால் கொல்லும், புறா என்றால் விட்டுவிடுமா?

வித்தியாசம் ரொம்பச் சாதாரணம். புறாவுக்கு கான்கிரீட் விளிம்பும் ஏசி பெட்டியின் மேல்பக்கமும் போதும். சிட்டுக்குருவிக்குப் பொந்து வேண்டும். ஓட்டுக் கூரை இடுக்கு, மீட்டர் பெட்டி, சுவரில் மாட்டிய போட்டோவுக்குப் பின்பக்கம். பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். பூச்சிக்குச் செடியும் மண்ணும் வேண்டும். சாலை இடித்துக் கண்ணாடிக் கட்டிடம் கட்டி, தரை முழுக்க பேவர் பிளாக் பதித்து, சாக்கில் விற்ற அரிசியை பிளாஸ்டிக் பையில் போட்டு சீல் வைத்தால் குருவி என்ன ஸ்விகியில் ஆர்டர் பண்ணுமா?

இங்கிலாந்தில் சிட்டுக்குருவி குறைய ஆரம்பித்தது 1970-களின் கடைசியில். அப்போது யார் கையில் செல்போன் இருந்தது? அதற்கும் முன்னால், 1920-களில் குதிரை வண்டி போய் மோட்டார் வந்தபோதே நகரங்களில் ஒரு தடவை குறைந்திருக்கிறது. குதிரைக்குப் போட்ட தானியம் ரோட்டில் சிந்துவது நின்றுபோனது, அவ்வளவுதான்.

"அப்ப நம்ம ஊர் விஞ்ஞானிகள் எல்லாம் முட்டாளா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே இதற்காக ஒரு குழு போட்டது. தலைவர், நம்ம பம்பாயில் இருக்கும் பிஎன்எச்எஸ் என்கிற இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அப்போதைய இயக்குநர் அசாத் ரஹ்மானி. அந்தக் குழு ஜாக்கிரதையாக இருப்போம், இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்றது. தப்பே இல்லை. 2012 செப்டம்பரில் இந்தியாவில் டவர் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பிறகு 2020-ல், 15,500 பறவை ஆர்வலர்கள் கொடுத்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து, இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்தது. அது சொன்னது: சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் 25 வருஷத்துக்கும் மேலாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பம்பாய், சென்னை மாதிரி பெருநகரங்களில்தான் குறைகிறது. டவர்தான் காரணம் என்பதற்கு இன்றைய ஆதாரங்களில் ஆதரவு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கம்பெனிக்காரன் கையாள் என்பீர்கள். மின்காந்த இரைச்சல் பறவையின் திசைகாட்டியைக் குழப்பும் என்பது நிஜம். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் பறவைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014-ல் நேச்சர் இதழில் வந்தது. ஆனால் குழப்பிய அலைவரிசை 50 கிலோஹெர்ட்ஸில் இருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது பழைய ஏஎம் ரேடியோ ஓடுகிற இடம். செல்போன் ஓடுவது பல நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. இது எவ்வளவு சுவாரசியமான விஷயம்! சுஜாதா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு சீன் எழுதியிருப்பார். எந்திரனில் அவர் கை பட்டிருந்தது. அந்தப் படத்தில் ஒரு இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு அறிவியல் கேள்வியாவது இருந்தது. இதில் மிஞ்சியது ஆராவும் நெகட்டிவ் எனர்ஜியும். பேயோட்டுகிற கதைக்கு லேப் கோட் மாட்டிவிட்டார்கள், நாம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று கைதட்டினோம்.

படம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் செல்போன் கம்பெனிகளின் சங்கம் சென்சார் போர்டுக்குப் புகார் கொடுத்தது, படம் பொய்ப் பயத்தைக் கிளப்புகிறது என்று. உடனே நம்ம ஆட்கள், "பாத்தியா, கம்பெனிக்காரன் பயப்படுறான்னா மேட்டர் இருக்கு!" இது என்ன லாஜிக்? படத்தைத் தடுக்க அவர்கள் போனது தப்புதான், கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லியிருக்கலாம். அதற்காக அவர்கள் மறுத்த எல்லாம் உண்மை ஆகிவிடுமா?

அதே சமயத்தில் ஒரு ஃபார்வேர்டு சுற்றியது, ஞாபகம் இருக்கா? நெதர்லாந்தின் ஹேக் நகரப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பறவைகள் 5ஜி சோதனையால் செத்து விழுந்தன, 2.0 சொன்னது உண்மை என்று. பறவைகள் செத்தது நிஜம், 2018 அக்டோபர், நவம்பரில். 5ஜி சோதனை நடந்தது அதே வருஷம் ஜூனில், ஒரே ஒரு நாள். நாலு மாசம் கழித்தா கதிர்வீச்சு வந்து கடிக்கும்? 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஜனங்கள் ஆக்ஸிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, சாவுக்குக் காரணம் 5ஜி சோதனைதான் என்று இன்னொரு ஃபார்வேர்டு வந்தது. இந்தியாவில் 5ஜி சோதனையே இன்னும் தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டியதாயிற்று. "படம்தானே சார், ஜாலியா பாருங்க" என்பவர்களுக்கு இதுதான் என் பதில். பார்த்தவர்களில் பாதிப் பேர் அதைப் படமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இந்த மெசேஜ் ஏன் அத்தனை பேருக்கும் பிடித்தது?

பதிலுக்கு அதே 2018-ல் வந்த இன்னொரு ரஜினி படத்தைப் பாருங்கள். ஜூன் 7-ல் காலா. தாராவி கதை. நிலம் நமக்கு உயிர், அதைப் பிடுங்க வருகிறவன் சுத்தம், வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டுதான் வருவான் என்றது அந்தப் படம். அதே நடிகர், அதே வருஷம், அதே பம்பாய்த் தமிழ் ஆடியன்ஸ். செம்பூர், மாட்டுங்கா பக்கம் நான் கேட்டது என்ன தெரியுமா? "நல்லாத்தான் இருக்கு, ஆனா பிரச்சாரம் ஜாஸ்தி." "ரஜினி படத்துல எதுக்கு அரசியல்?" ஆறு மாசத்துக்குள் 2.0 வந்தது. அதுவும் முழுக்கப் பிரச்சாரம்தான், ஃப்ளாஷ்பேக் முழுவதும் பிரசங்கம்தான். அதற்கு மட்டும் "நல்ல மெசேஜ்."

ஏன் என்றால் காலாவின் மெசேஜுக்கு விலை உண்டு. அதை ஒத்துக்கொண்டால் தாராவியை இடித்து டவர் கட்டினால் நம்ம ஃபிளாட் ரேட் ஏறும் என்று கணக்குப் போடுகிறவன் தன்னையே கேள்வி கேட்க வேண்டும். 2.0-வின் மெசேஜுக்குப் பைசா செலவில்லை. செல்போனை யாரும் விடப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இன்டர்வெல் விட்டதும் தியேட்டரில் நானூறு செல்போன் வெளிச்சம் அடித்தது. குற்றவாளி கையிலேயே இருக்கிறான், தூக்கி எறிய முடியாது, அதனால் "ச்சே, பாவம் குருவி" என்று சொல்லிவிட்டு சமோசா வாங்கப் போகலாம்.

பறவைக்காக நிஜமாகவே விலை கொடுக்க வேண்டிய இடங்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. 2.0 வந்த அதே 2018-ல் சிவ்ரியில் கடல் பாலத்துக்கு வேலை ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஃபிளமிங்கோ வந்து இறங்குகிற சேறு அது. 2019 அக்டோபரில் மெட்ரோ ஷெட்டுக்காக ஆரே காட்டில் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டத் தொடங்கி 2,141 மரங்களைச் சாய்த்தார்கள். 2024 மே 20 ராத்திரி செம்பூருக்குப் பக்கத்தில் காட்கோபரில் விமானம் மோதி 39 ஃபிளமிங்கோக்கள் தெருவில் செத்துக் கிடந்தன. பாலம் வேண்டுமா, மெட்ரோ வேண்டுமா, ஏர்போர்ட் வேண்டுமா என்றால் எனக்கும் வேண்டும்தான். எவ்வளவு, எங்கே, எதை விட்டுக்கொடுத்து என்பதுதான் பேச வேண்டிய பேச்சு. அது கஷ்டமான பேச்சு. ஆராவைப் பேசுவது சுலபம்.

செல்போனையே பேச வேண்டும் என்றாலும் பேசலாமே. படம் முழுக்க அத்தனை செல்போன் பறந்ததே, பழசானால் அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? குர்லா, சாக்கிநாக்கா பக்கம் கையுறை கூட இல்லாமல் பழைய எலக்ட்ரானிக்ஸ் உடைக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். அது 3டி கண்ணாடி போடாமலே தெரியும்.

எங்கள் சொசைட்டி மீட்டிங்கிலும் இதே கதைதான். பக்கத்து பில்டிங் மாடியில் டவர் வரக்கூடாது என்று ஒரு தீர்மானம். குருவி சாகுமாம், ஒருத்தர் 2.0-வையே உதாரணம் காட்டினார். ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த தீர்மானம், காம்பவுண்டில் மிச்சம் இருந்த மண்தரைக்கும் பேவர் பிளாக் போட்டு பார்க்கிங் ஆக்குவது. அதுவும் ஏகமனதாக. நான் மட்டும் வாயைத் திறந்தேன். "சார், உங்களுக்குத்தான் கார் இல்லையே" என்றார் செகரெட்டரி.

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர் சலீம் அலி. பட்சிராஜன் பாத்திரத்துக்கு முன்மாதிரி அவர்தான் என்றார்கள். அந்த மனுஷர் 1987-ல் சாகும் வரை செய்தது, காட்டிலும் வயலிலும் நின்று பறவைகளை எண்ணியது. எண்ணிப் பார்த்த பிறகு பேசியது. அவர் பெயரில் நமக்குக் கிடைத்தது எண்ணாமலே கத்துகிற ஒரு ஆவி. அக்‌ஷய் குமார் நன்றாகத்தான் நடித்தார், அது வேறு விஷயம்.

அடுத்த தடவை "நல்ல மெசேஜ்" என்று வாய் வரும்போது இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. ஒன்று, இது உண்மையா? இரண்டு, இதை நம்பினால் நாளைக் காலையில் நான் எதையாவது மாற்றிக்கொள்ள வேண்டி வருமா? இரண்டுக்கும் இல்லை என்றால், நீங்கள் கைதட்டியது மெசேஜுக்கு இல்லை, கிராபிக்ஸுக்கு. அதற்குத் தாராளமாகத் தட்டுங்கள். நானும் தட்டினேன்.

டிஸ்கி: ரஜினி ரசிகர்கள் கட்டையைத் தூக்க வேண்டாம். குட்டி 3.0 வரும்போது நானும் விசில் அடித்தவன்தான்.