உயிரைக் காக்கும் அரசிடம் கேட்க வேண்டியவை



வட இத்தாலியில் கொரோனா பரவத் தொடங்கிய நேரம். 2020 பிப்ரவரி 26 அன்று தத்துவவாதி ஜியார்ஜியோ அகம்பென் 'இல் மனிஃபெஸ்தோ' நாளிதழில் எழுதினார். நோயைப் பெரிதுபடுத்தி அவசரநிலையை வழக்கமாக்கப் பார்க்கிறது அரசு என்பது அவர் வாதம். சில நாள்களிலேயே பிரான்சிலிருந்து அவருடைய பழைய நண்பர் ழான்-லுக் நான்சி மறுப்பு எழுதினார். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன், தனக்கு இதயமாற்று சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்த வெகு சிலரில் அகம்பெனும் ஒருவர். அதைக் கேட்டிருந்தால் தான் பிழைத்திருக்க முடியாது என்றார். நட்பு குறையாமல்தான் இதைச் சொன்னார்.

நோயின் கடுமையை அகம்பென் தவறாகவே எடைபோட்டார். மார்ச்சில் பெர்காமோவின் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் ஏற்றிச் சென்றன. அதே மார்ச்சில் இத்தாலியில் இறுதிச் சடங்குகளும் நிறுத்தப்பட்டன. இறந்தவரை வழியனுப்பவும் விடாமல் காக்கப்படும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அகம்பென் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது.

உயிரைக் காப்பதாகச் சொல்லி அரசு மக்களை ஆளும் விதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நோய்களின் வழியே ஆட்சிமுறைகளைப் படித்தவர் தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ. அவர் மூன்று வகைகளைக் காட்டினார். தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே தள்ளியது ஓர் ஆட்சி. பிளேக் வந்த ஊரில் வீடுகளைப் பூட்டி, தெருத்தெருவாக ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தது இன்னொன்று. பெரியம்மைக் காலத்தில் ஆட்சி கணக்குப் போடக் கற்றது. பெரியம்மை ஒழிந்தால் சராசரி ஆயுள் 3 ஆண்டுகள் கூடும் என்று 1760-ல் கணித்தார் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி. ஆனால் அன்று அம்மை குத்திக்கொண்டால் உடனே சாகும் ஆபத்தும் இருந்தது. ஊருக்குப் பிற்காலத்தில் கிடைக்கும் லாபத்துக்காகத் தனி மனிதர் அந்த ஆபத்தை இன்றே ஏற்க வேண்டுமா என்று தயங்கினார் இன்னொரு கணிதவியலாளர் தலாம்பேர். கொரோனா தடுப்பூசி விவாதங்களில் நாமும் இதையேதான் பேசினோம்.

கொரோனாவில் விலக்கல், பூட்டல், கணக்கிடல் மூன்றும் ஒருசேர வந்தன. பம்பாய் பிளேக்குக்காக 1897-ல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் 2020-லும் நம் நாட்டில் பயன்பட்டது. நெருக்கடி போனாலும் அது தந்த அதிகாரம் போய்விடுவதில்லை.

நான்சியை வாழவைத்த மருத்துவமும் வேண்டும். அகம்பெனின் சந்தேகமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அரசை நாம் நம்பக் கூடாது. கட்டுப்பாடு எந்தத் தேதியில் முடியும், அதனால் பிழைப்பை இழப்பவருக்கு யார் பொறுப்பு, பின்னர் யார் கணக்குச் சொல்வார்கள்? இந்த மூன்றையும் கேட்க அடுத்த நோய்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே கேட்போம்.