ஃபார்வேர்டு பண்ணிட்டு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டா போதுமா?

அந்த மெசேஜை டைப் செய்ய எனக்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதைச் சரிசெய்யக் கிளம்ப ஐந்து வாரங்கள் ஆயின. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

போன வருடம் தவக்காலம் தொடங்கிய வாரம். தூத்துக்குடி பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு லீவில் போயிருந்தேன். இரவு ஏழு மணியானால் எங்கள் வீட்டில் டிவி அணைந்துவிடும். ஆச்சி செபமாலையைக் கையில் எடுத்தால் வீட்டில் யாருக்கும் விலக்கு கிடையாது. அன்றும் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்தோம். ஆச்சி எல்லோர் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். நான் எழுந்ததும் செய்த முதல் காரியம், போனை எடுத்ததுதான்.

ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்தது. எங்கள் தெருவில் மாதச் சீட்டு நடத்தும் அக்காவைப் பற்றியது. சின்னவர், பெரியவர் எல்லோருக்குமே அவர் 'சீட்டு அக்கா'தான். "மூணு நாளா வீடு பூட்டிக் கிடக்கு. போன் சுவிட்ச் ஆஃப். பணத்தைத் தூக்கிட்டு ஓடிட்டா" என்றது அந்தக் குரல். யார் குரல் என்றுகூட எனக்குத் தெரியாது. அதை அப்படியே எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். சும்மா போடவில்லை. "நம்ம ஆட்கள் எல்லாரும் உஷாரா இருங்க. இந்த மாசம் யாரும் பணம் கட்டாதீங்க" என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். 'பத்திரிகையில் வேலை பார்க்கிற பொண்ணே சொல்லுது' என்று அது அங்கிருந்து இன்னும் நாலு குரூப்புக்குப் போனது.

அக்கா எங்கேயும் ஓடவில்லை. கணவருக்கு திடீரென்று நெஞ்சுவலி. மதுரையில் ஆபரேஷன். ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு போனுக்கு சார்ஜ் போடும் நினைப்பு எங்கிருந்து வரும்? ஆறாம் நாள் திரும்பி வந்தார். சீட்டு எடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைச் சொன்ன தேதியில் கொடுத்தார். ஆனால், அதற்குள் இருபது பேரில் ஏழு பேர் விலகிவிட்டார்கள். ஆபரேஷன் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது, அந்த ஏழு பேர் போனால் என்ன ஆகும் என்று சீட்டு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன்? மெசேஜை டெலிட் செய்தேன். இரண்டு நாள் மனசு உறுத்தியது. அப்புறம் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

"அது சாமிக்கு... அந்த அக்காவுக்கு?"

கத்தோலிக்கர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் வகுத்தது அது. இப்போது 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள். ஆச்சிக்கு இன்னும் பாவசங்கீர்த்தனம்தான். எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.

அதில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. ஆனால், என் பாவத்தை நான் சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? சொல்கிறேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வாரம், சென்னையில் ஒரு கோயிலில் வரிசையில் நின்றேன். வழக்கமான லிஸ்ட்தான். "கோபப்பட்டேன். பூசைக்குப் போகாம இருந்தேன். புறம் பேசினேன்." மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அபராதமாக என்ன செபம் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

ஃபாதர் கேட்டார். "யாரைப் பத்திம்மா பேசினீங்க? அதனால அவங்களுக்கு ஏதாவது நஷ்டம் ஆச்சா?"

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்தவர், "ஒரு செபமாலை சொல்லுங்க. அது சாமிக்கு. அந்த அக்காவுக்கு என்ன செய்யப்போறீங்க?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "எந்த குரூப்ல போட்டீங்களோ, அதே குரூப்ல தப்புன்னு சொல்லணும்மா. டெலிட் பண்ணினா உங்க போன்லேருந்துதான் போகும். கேட்டவங்க மனசுலேருந்து போகாதே" என்றார்.

கோழி இறகு கதை

ரோம் நகரில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆச்சி எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். புறம் பேசிய ஒரு பெண் அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார். "ஒரு கோழியை வாங்கி, தெரு நெடுக அதன் இறகைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வா" என்றாராம் அவர். பெண்ணும் அப்படியே வந்தார். "இப்போது போய் அத்தனை இறகையும் பொறுக்கிக்கொண்டு வா" என்றாராம் புனிதர்.

சிறு வயதில் எனக்கு அந்தக் கோழியை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. ஃபார்வேர்டு பட்டனைக் கையில் வைத்திருக்கும் இந்த வயதில்தான் இறகுகள் கண்ணில் படுகின்றன.

மூன்று விதமான தப்பு

பிறருக்கு எதிராகப் பொய்சாட்சி சொல்லாதே என்பது கத்தோலிக்கர்களின் கணக்கில் எட்டாம் கட்டளை. சி.எஸ்.ஐ நண்பர்கள் இதையே ஒன்பதாவதாக எண்ணுவார்கள். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் விஷயம் எவ்வளவு நுணுக்கமானது என்று புரிந்தது. ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பதை அது மூன்றாகப் பிரிக்கிறது.

ஒன்று, போதிய ஆதாரமில்லாமல் ஒருவரைப் பற்றித் தப்பாக முடிவுகட்டுவது. இதை வெளியே சொல்லக்கூட வேண்டாம். மனசுக்குள் நம்பினாலே அது தப்பு.

இரண்டு, தகுந்த காரணமில்லாமல் ஒருவரின் குறையை, அது தெரியாதவரிடம் போய்ச் சொல்வது. கவனியுங்கள், இங்கே சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மூன்று, பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது. அவதூறு.

என் மெசேஜை இதில் வைத்துப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது உண்மை. போன் அணைந்திருந்ததும் உண்மை. 'ஓடிட்டா' என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. முதல் தப்பில் தொடங்கி மூன்றாவதுக்குப் போக எனக்கு ஒரு ஃபார்வேர்டு போதுமாக இருந்தது.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. உண்மைக்கு எதிரான பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டாலும் ஈடுசெய்யும் கடமை போய்விடாது. வெளிப்படையாகச் செய்ய முடியாவிட்டால் மறைவாகவாவது செய்ய வேண்டும். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரிதான் இதுவும். பொருள் என்றால் நமக்குப் புரிகிறது. பெயர் என்றால் மறந்துவிடுகிறோம்.

இது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. திருவள்ளுவர் 'புறங்கூறாமை'க்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

அப்போ எதையுமே சொல்லக் கூடாதா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. என் தொழிலே செய்தி சொல்வதுதான்.

'தகுந்த காரணமில்லாமல்' என்ற வார்த்தையில்தான் பதில் இருக்கிறது. ஒருவரால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கக்கூடியவரிடம் சொல்வது புறம் பேசுவது ஆகாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தும், 'நமக்கெதுக்கு வம்பு, குடும்ப மானம் போயிடும்' என்று மூடி மறைப்பதுதான் பாவம். திருச்சபைக்குள்ளேயே இந்த மூடி மறைத்தல் பெரிய காயங்களை உண்டாக்கியிருக்கிறது. அதனால்தான் 2019-ல், பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் குருக்களும் துறவிகளும் திருச்சபை அதிகாரிகளிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று போப் பிரான்சிஸ் சட்டமே கொண்டுவந்தார்.

வம்பு பேசுவதை வெடிகுண்டு வீசுவதோடு ஒப்பிட்டவரும் அதே போப்தான். புறம் பேசத் தோன்றினால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். தீங்கைத் தடுக்க உரியவரிடம் பேசுவது வேறு, சுவாரஸ்யத்துக்காக ஊரிடம் பேசுவது வேறு. நான் செய்தது இரண்டாவது.

ஐந்து நிமிடம் போதும்

ஆச்சி தூங்கப்போகும் முன் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், "ஆத்தும சோதனை செய்றேன்" என்பார். அன்றைய நாளை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது. பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகவும் முதல் படி இதுதான்.

எங்கள் கடற்கரைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. முத்துக்குளித்துறையில் பல ஆண்டுகள் வாழ்ந்த போர்ச்சுக்கீசியக் குரு ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், தமிழில் 'அண்டிரிக் அடிகளார்'. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1580-ல், கொச்சியில் அவர் அச்சிட்டது பாவசங்கீர்த்தனத்துக்கான வழிகாட்டி நூல். தமிழ் அச்சேறிய உடனேயே, 'நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார்' என்று சொல்லும் புத்தகம் வந்துவிட்டது.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார், இந்த ஆன்ம சோதனையை ஐந்து படிகளாக வகுத்திருக்கிறார். நான் இப்போது செய்யும் விதத்தில் சொல்கிறேன்:

1. இன்று கிடைத்த நல்லதுக்கு நன்றி சொல்வது. பஸ்ஸில் சீட் கிடைத்தது முதல் எதுவாக இருந்தாலும்.

2. என் தப்பு எனக்கே தெரிய வெளிச்சம் கேட்பது.

3. காலையிலிருந்து நினைத்தது, பேசியது, செய்தது எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது. நான் இங்கே, இன்று அனுப்பிய மெசேஜ்களையும் நினைத்துப் பார்க்கிறேன்.

4. தப்புக்கு மன்னிப்பு கேட்பது.

5. நாளைக்குத் திருத்திக்கொள்வதாகத் தீர்மானிப்பது. 'நல்லா இருக்கணும்' என்று பொதுவாக இல்லாமல், 'நாளை காலை இவருக்கு போன் பண்ணணும்' என்கிற மாதிரி.

இஞ்ஞாசியார் இன்னொரு யோசனையும் தருகிறார். அடுத்தவர் சொன்னதை முடிந்தவரை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். முடியவில்லையா? என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். 16-ம் நூற்றாண்டு யோசனை. இன்றைய கமென்ட் பாக்ஸுக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கிறது.

அந்த போன் கால்

கோயிலிலிருந்து வந்த அன்று இரவு குரூப்பில் எழுதினேன். "சீட்டு அக்காவைப் பத்தி நான் போட்டது தப்பு. விசாரிக்காம போட்டேன். அவங்க ஆஸ்பத்திரியில் இருந்தாங்க. யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்கலை. இதை யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இதையும் அனுப்புங்க." நாலைந்து பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். பெரியப்பா மட்டும், "அதான் முடிஞ்சுபோச்சே, ஏன்மா திரும்பக் கிளறுற?" என்றார். தப்பான மெசேஜுக்கு இருந்த வேகம் இதற்கு இல்லை.

மறுநாள் அக்காவுக்கு போன் செய்தேன். விரல் நடுங்கியது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"நீயா பாப்பா அது?" என்றார். அப்புறம், "யாராச்சும் ஒருத்தர் எங்க அண்ணன் வீட்டுல கேட்டிருக்கலாம். ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கான்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு மன்னிப்பு கேட்போம். நினைத்ததற்கு, சொன்னதற்கு, செய்ததற்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு எப்போதும் வாய்ப்பாடு மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த இடம் வந்தால், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த அண்ணன் வீடு ஞாபகம் வருகிறது.

விலகிய ஏழு பேரில் இரண்டு பேர் திரும்பச் சேர்ந்தார்கள். அம்மாவும் புதிதாக ஒரு சீட்டு போட்டார். மீதி நான்கு இடம் அப்படியேதான் இருக்கிறது. அக்கா அவற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் தெரிந்தவர்களிடம் சொல்கிறேன்.

உங்கள் போனிலும் அப்படி ஒரு மெசேஜ் இருக்கலாம். அனுப்பியதாகவோ, அனுப்பக் காத்திருப்பதாகவோ. இன்று இரவு தூங்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயர் ஞாபகத்துக்கு வந்தால், நாளை காலை அவருக்கே ஒரு போன் போடுங்கள்.